தங்கத்துக்கு 85 புள்ளி!

சிங்கப்பூரில் ஒரு வேலைநாள் சாயங்காலம். ஆபீஸ் விட்டு வரும் கூட்டத்தில் கொஞ்சம் பேர் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஒரு ராணுவ முகாமின் வாசலை நோக்கி நடக்கிறார்கள். தோளில் விளையாட்டுப் பை, கழுத்தில் இன்னும் கழற்றாத ஆபீஸ் அட்டை. வங்கியில் கணக்குப் பார்ப்பவர் இருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், டாக்சி ஓட்டுகிறவர் இருக்கிறார், முதல் குழந்தை பிறந்து தூக்கம் கெட்டுப்போன இளம் அப்பா இருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரும் தரையில் கைகளை ஊன்றித் தண்டால் எடுக்கப் போகிறார்கள். அதில் யாருக்கோ இன்றைக்குத் தங்கம் கிடைக்கப் போகிறது!

ஐபிபிடி. இந்த நாலு எழுத்தைச் சொல்லிப் பாருங்கள், எந்தச் சிங்கப்பூர் ஆணின் முகமும் சட்டென்று மாறும். தனிநபர் உடலுறுதித் தேர்வு என்று விரித்துச் சொல்லலாம், ஆனால் அங்கே தமிழ்க் குடும்பங்களிலும் சாப்பாட்டு மேசையில் அது ஐபிபிடிதான். ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி. 85 எடுத்தால் தங்கம், 75 எடுத்தால் வெள்ளி. தங்கத்துக்கு 500 சிங்கப்பூர் டாலர் ரொக்கமும் உண்டு!

உடல் வலுவுக்கு விருது தருகிற ராணுவங்கள் உலகத்தில் நிறைய. ஜெர்மானியப் படையில் கழுகும் ஓக் இலைகளும் பொறித்த ஒரு சின்னம் இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம். தங்கம் வேண்டுமானால் மற்ற சோதனைகளோடு 15 கிலோ மூட்டையைச் சுமந்து 12 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அமெரிக்கச் சிப்பாய்களே அதற்கு ஆசைப்பட்டு வரிசையில் நிற்கிறார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நாலு நாள் நடை நடந்து முடித்தவர்களுக்குச் சிலுவைப் பதக்கம், 1909-இலிருந்து! எல்லாமே அழகுதான். ஆனாலும் என் மனசு போய் ஒட்டிக்கொள்வது சிங்கப்பூரின் இந்தச் சாயங்காலத் தேர்வில். ஏனென்றால் இங்கே தங்கத்துக்கு ஓடுகிறவர் நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து விற்பனைக் கணக்கு சொல்ல வேண்டியவர். அவர் பேருக்குத்தான் ரிசர்விஸ்ட், கூப்பிட்டால் வரும் படைவீரர். அவர் வாழ்க்கை முகாமுக்கு வெளியே இருக்கிறது.

இப்படிச் சாதாரண மக்களே படைவீரர்களாகவும் இருக்கும் ஏற்பாடு 1967-இல் தொடங்கியது. தனிநாடாகி இரண்டே வருடம் ஆன சின்னத் தீவு, கட்டாயத் தேசிய சேவைக்குச் சட்டம் போட்டது. முதல் அழைப்பில் சுமார் 9,000 இளைஞர்கள் பெயர் பதிந்தார்கள். இன்றைக்குச் சீன, மலாய், தமிழ் வீடு என்ற வேற்றுமை இல்லாமல், 18 வயதுப் பையன் என்றால் ராணுவத்துக்கோ காவல்படைக்கோ குடிமைத் தற்காப்புப் படைக்கோ போயாக வேண்டும். முழுநேரச் சேவை இரண்டு வருடம். அது முடிந்ததும் விட்டார்களா? இல்லை! பெரும்பாலோருக்கு 40 வயது வரை, அதிகாரிகளுக்கு 50 வரை, கூப்பிடும்போது வர வேண்டும், வருடா வருடம் உடம்பையும் நிரூபித்துக்காட்ட வேண்டும். ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரை அவகாசம். அதற்குள் ஐபிபிடியில் தேற வேண்டும், இல்லையென்றால் அதே அவகாசத்துக்குள் 'என்எஸ் ஃபிட்' என்ற பயிற்சிக்குப் பத்து முறை வந்து போக வேண்டும். அதனால் பிறந்தநாள் நெருங்க நெருங்கச் சிங்கப்பூர்க் கணவன்மார்கள் திடீரென்று விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்குவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தே பிறந்தநாளுக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று சொல்லிவிடும் மனைவிமார்கள் உண்டு.

சரி, வாசலைத் தாண்டி உள்ளே வாருங்கள். பிடோக், கத்திப், கிராஞ்சி என்று தீவின் பல பக்கமும் இதற்கென்றே உடலுறுதி மையங்கள் இருக்கின்றன. முதலில் உடல்நிலைக் கேள்வித்தாள். காய்ச்சல் உண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, நேற்று இரவு சரியாகத் தூங்கினீர்களா? இதை ஏதோ சடங்கு என்று யாரும் அலட்சியமாக நிரப்பக் கூடாது, நிரப்புவதும் இல்லை. முப்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒருவர் நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு வந்து முழு வேகத்தில் ஓடப்போகிறார். உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிட்டு வேறு நாள் வரச் சொல்வார்கள். அந்த நேர்மைக்கு நான் ஒரு தனிப் பதக்கமே கொடுப்பேன்.

அடுத்து எல்லோர் கண்ணும் போவது வானத்துக்கு. சிங்கப்பூர், மின்னல் அதிகமாக வெட்டுகிற ஊர். பக்கத்தில் மின்னல் அபாயம் இருந்தால் முகாமில் 'கேட் ஒன்' என்று அறிவிப்பார்கள். அவ்வளவுதான், வெளியே நடக்கும் எல்லாமும் நின்றுவிடும், எல்லோரும் கூரைக்கடியில். ராணுவத்தில் இருந்த எவரிடமும் 'கேட் ஒன்' என்று சொல்லுங்கள், ஒரு புன்னகை வரும். புதுச் சிப்பாயாக இருந்த நாட்களில் ஓட்டப் பயிற்சிக்கு முன்னால் எத்தனை பேர் அந்த இரண்டு சொல்லுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பார்கள்! ஆனால் இன்றைக்கு வேண்டுதல் தலைகீழ். ஆபீஸில் அனுமதி கேட்டு, குழந்தையை மாமியாரிடம் விட்டு, ஐந்து வாரம் ஓடிப் பழகிவிட்டு வந்திருக்கிறார் ஒருவர். இன்றைக்குப் போய் மின்னல் வரலாமா?

வெயிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. காற்றின் ஈரம், வெயிலின் சூடு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்து ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு ஒரு நிறம். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நிறம் கறுக்கக் கறுக்க உழைக்கும் நேரம் குறையும், ஓய்வு நேரம் கூடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஓடுகிற சிப்பாய்க்கு எதிரியே இந்த ஈரக் காற்றுதான். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! அங்கே காய்வதே இல்லை.

இப்போது உடம்பைச் சூடேற்றும் பயிற்சி முடிந்துவிட்டது. தண்டால் நிலையத்துக்குப் போகலாம்.

மையங்களில் எண்ணுவதற்கு மின்னணுக் கருவி வைத்திருக்கிறார்கள். நீங்கள் முழுசாக இறங்கி முழுசாக ஏறினால்தான் அது கணக்கில் ஏற்றும். முதுகு தொய்ந்தால் ஆகாது, கையை எடுத்து உதறினால் ஆகாது. ஓய்வு வேண்டுமா, மேலே ஏறிய நிலையிலேயே இருந்து கொள்ளலாம். நேரம் 60 விநாடி. 22 வயதுக்குக் கீழ் இருப்பவர் முழு 25 புள்ளி வாங்க 60 தண்டால் எடுக்க வேண்டும். விநாடிக்கு ஒன்று! நடுவில் ஒரு மூச்சு நிதானித்தால்கூடத் தவறிவிடும். முதல் முப்பது விநாடி எல்லோரும் வீரர்கள். அதற்குப் பிறகுதான் தோள்கள் நடுங்கும், மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும், பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆள், "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு!" என்று கத்துவார். இதைத்தான் நான் பார்க்கச் சொல்வது. அவருக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை. அவர் முறை இன்னும் வரவே இல்லை. ஆனாலும் கத்துகிறார்!

சிட்-அப்பும் அதே 60 விநாடி, அதே 25 புள்ளி. கைகள் காதைப் பொத்தியபடி இருக்க வேண்டும், முழங்கை முழங்காலைத் தொட வேண்டும், திரும்பப் படுக்கும்போது தோள்பட்டை தரையில் பட வேண்டும். வயிற்றுத் தசைகளுக்கு அடுத்த நாள் தும்மக்கூடப் பயமாக இருக்கும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டத்துக்குப் போவோம்.

போவதற்கு முன்னால் புள்ளிக் கணக்கை ஒரு நிமிடம் பாருங்கள், எனக்கு இதில்தான் கொள்ளை ஆசை. தண்டாலில் 25, சிட்-அப்பில் 25, ஓட்டத்தில் 50. தேறுவதற்குக் குறைந்தபட்சம் 51. இப்போது கூட்டிப் பாருங்கள். கை வலுவும் வயிற்று வலுவும் உச்சத்தில் இருந்து முழு 50-ஐ அள்ளினாலும் தேற முடியாது. ஓட்டத்தில் மன்னன், மற்றதில் பூஜ்யம் என்றாலும் முடியாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு புள்ளியாவது எடுத்தாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. உடம்பு முழுக்க வேலை செய்தே தீர வேண்டும்! அதே சமயம் ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம். 25, 25, 35 என்று ஒருவர் தங்கம் வாங்குவார். 20, 20, 45 என்று பக்கத்து ஆள் அதே தங்கத்தை வாங்குவார். ஒல்லியான ஓட்டக்காரருக்கும் பருத்த தோள்காரருக்கும் தனித்தனி வழி இருக்கிறது. மேலே போகப் போகப் புள்ளி கஞ்சத்தனம் காட்டும். உச்சிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று தண்டால் கூடுதலாக எடுத்தால்தான் ஒரே ஒரு புள்ளி ஏறும். அதனால் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் கணக்கு வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். ஐந்து தண்டால் கூட்டுவது சுலபமா, ஓட்டத்தில் இருபது விநாடி குறைப்பது சுலபமா என்று மதிய உணவு நேரத்தில் கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள்.

வயதுக்கு இடம் கொடுத்திருப்பது இதைவிட அழகு. மூன்று மூன்று வயதாகப் பிரித்து 14 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அட்டவணை. வயது ஏற ஏற அதே புள்ளிக்கு வேண்டிய தண்டாலும் குறையும், ஓட்டத்துக்கான நேரமும் நெகிழும். அடுத்த வயதுப் பிரிவுக்குள் நுழைந்ததைக் கொண்டாடுகிற ஆண்களை வேறெங்கே பார்க்க முடியும்? போன வருடம் 73-இல் நின்ற அதே உடம்பு, வயது ஒரு படி ஏறியதும் வெள்ளியைத் தொட்டுவிடலாம்! ஆனால் ஒன்று சொல்வேன். 20 வயதுப் பையனின் தங்கத்தைவிட, இரண்டு குழந்தைகளும் வீட்டுக்கடனும் முதுகுவலியும் உள்ள 38 வயதுக்காரரின் வெள்ளிக்கு நான் பலமாகக் கை தட்டுவேன்.

இனி ஓட்டம். 2.4 கிலோமீட்டர். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. இந்தத் தூரம் வானத்திலிருந்து குதித்ததில்லை, இது பழைய ஒன்றரை மைல். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1960-களில் சிப்பாய்களின் இதய வலுவை ஓடவிட்டே அளக்கலாம் என்று காட்டினார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம், அல்லது ஒன்றரை மைலுக்கு எவ்வளவு நேரம் என்பவை அந்த வழியில் உலகம் முழுக்கப் பரவிய சோதனைகள். ஆய்வுக்கூடத்துக் கருவி ஒன்றும் தேவையில்லை, ஒரு தடமும் ஒரு கடிகாரமும் போதும்.

இளைய பிரிவில் முழு 50 புள்ளிக்கு 8 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 85 விநாடி. ஆறு முறை, தளராமல்! அட்டவணையில் 10 விநாடிக்கு ஒரு படி. அந்தப் படிகள்தான் ஓடுகிறவர் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் சுற்றில் எல்லோரும் பறப்பார்கள். பக்கத்தில் ஒரு இளவட்டம் முந்தினால் மானம் போகிற மாதிரித் தோன்றும். அனுபவசாலிகள் மட்டும் அதில் மாட்டாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தங்கள் வேகத்திலேயே வருவார்கள். மூன்றாவது சுற்றில் கூட்டம் சிதறிவிடும். நான்காவதுதான் மோசமான சுற்று. தொடக்கத்து உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. தண்டால் எடுத்த தோள்கள் கனக்கும், சிட்-அப் போட்ட வயிறு பிடிக்கும்.

அங்கேதான் இந்த மாலையின் நல்ல காட்சி நடக்கும். ஏற்கெனவே முடித்துவிட்ட ஒருவர், தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, தடத்தின் ஓரமாகவே ஓடி வருவார். "என் பின்னாடியே வாங்க அண்ணே, நேரத்தைப் பார்க்காதீங்க, என் முதுகை மட்டும் பாருங்க." கடைசி 400 மீட்டரில் பயிற்சியாளர் விநாடிகளைக் கத்திச் சொல்வார். மலாயில் ஒரு குரல், ஹொக்கியன் மொழியில் ஒரு குரல், ஆங்கிலத்தில் ஒரு குரல், எங்கிருந்தோ தமிழில், "விடாத தம்பி, விடாத!" கோட்டைத் தாண்டியதும் அப்படியே விழத்தான் தோன்றும். படுக்க விடமாட்டார்கள். "நடங்க, நடங்க" என்று தட்டிக்கொடுத்து நடக்க வைப்பார்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும் என்பதற்காக.

மூன்று நிலையம் என்பது புதுசு. 2014 ஜூலையில் அறிவித்து 2015 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஐந்து நிலையங்கள். சிட்-அப், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், கம்பியில் தொங்கி ஏறும் சின்-அப், முன்னும் பின்னும் ஓடும் 10 மீட்டர் ஓட்டம், கடைசியாக 2.4. அதில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும். நாலில் சிங்கமாக இருந்து, நீளம் தாண்டுதலில் இரண்டு அங்குலம் குறைந்து, வருடக்கணக்கில் தவறியவர்கள் உண்டு. அந்தத் தலைமுறை அப்பாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரவு சாப்பாடு ஆறிவிடும். "உங்களுக்கெல்லாம் மூணே மூணு. எங்க காலத்துல கம்பியில தொங்கி தாடையை மேலே கொண்டுவரணும் தெரியுமா?" என்று அப்பா ஆரம்பிப்பார். "அப்பா, ஒரு நிமிஷத்துல அறுபது தண்டால் எடுத்துக் காட்டுங்க" என்பான் மகன். வழக்கு அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலைக்குப் போகும். அங்கே கம்பியும் உண்டு, தரையும் உண்டு. இரண்டு பேரும் மூச்சிரைத்துத் திரும்பி வருவார்கள்.

மாற்றம் நல்லதா? நல்லது என்பேன், தயங்காமல். வேலைக்குப் போகிற மனிதன் தன் வீட்டுக் கூடத்திலேயே பழகக்கூடிய தேர்வாக அது மாறியது. தண்டாலுக்குக் கம்பி வேண்டாம், மைதானம் வேண்டாம். ஆனால் அந்தக் கம்பியை நினைத்து எனக்கு ஒரு ஏக்கமும் உண்டு. புதுச் சிப்பாய்களுக்கு அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில், சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் கம்பியில் ஏறி இறங்கிவிட்டுத்தான் சோற்றுக்குப் போக வேண்டும் என்றிருந்ததை அந்தக் காலத்துக்காரர்கள் எத்தனை பாசத்தோடு சொல்கிறார்கள்!

தெக்கோங் பேரைச் சொல்லிவிட்டு அங்கே போகாமல் இருப்பது பாவம். சாங்கியிலிருந்து படகு. அம்மா, அப்பா கூடவே வந்து மகன் சாப்பிடப்போகும் முகாம் சாப்பாட்டை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பையனுக்கு '11பி' என்ற ராணுவ அட்டையைக் கொடுப்பார்கள். அணிவகுப்புக் கட்டளை எல்லாம் மலாயில். "செடியா!" என்றால் விறைத்து நிற்க வேண்டும், "செனாங் டிரி!" என்றால் தளரலாம். திட்டு ஆங்கிலத்தில் வரும், பக்கத்துக் கட்டில்காரன் ஹொக்கியனில் நாலு வார்த்தை சொல்லிக்கொடுப்பான், ராத்திரி நம் பையன் அம்மாவிடம் தமிழில் பேசுவான். தப்புச் செய்தால், "நாக் இட் டவுன்!" உடனே தண்டால் நிலைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடிப்பதற்குக்கூட அணிவகுப்பு உண்டு. எல்லோரும் சேர்ந்து குடித்து முடித்து, காலிப் புட்டியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மிச்சம் வைத்தவன் நனைவான்! வெப்பத்தால் யாரும் சுருண்டு விழக் கூடாது என்ற கவலையிலிருந்து பிறந்த பழக்கம் இது.

விருதின் ருசி தெக்கோங்குக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் 'நாஃபா' என்ற தேசிய உடலுறுதி விருதுத் தேர்வு இருக்கிறது. அதில் வெள்ளியோ தங்கமோ எடுத்தாலும், சேவைக்கு முந்தைய ஐபிபிடியில் 61 புள்ளி எடுத்தாலும், முழுநேரச் சேவையில் எட்டு வாரம் குறைகிறது. யோசித்துப் பாருங்கள், 17 வயதுப் பையனுக்கு இரண்டு மாதம்! எத்தனையோ தமிழ் வீடுகளில் அம்மாக்கள் பையனை விடியற்காலையில் எழுப்பி ஓட அனுப்புவது பதக்கத்துக்காக இல்லை, இந்த இரண்டு மாதத்துக்காகத்தான்.

கமாண்டோக்கள், கடற்படை முக்குளிப்பாளர்கள், கார்ட்ஸ் படையினர் ஆகியோருக்குத் தங்கத்தின் விலை இன்னும் அதிகம். 85 பத்தாது, 90 வேண்டும். இந்த வேகத்தில் வாழ்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு சாட்சி போதும். ஜூலை 1 ஆயுதப்படை தினத்தை ஒட்டி ஒவ்வொரு வருடமும் சிறந்த போர்ப்பிரிவுக்கு விருது தருகிறார்கள். முதலாம் கமாண்டோ பட்டாளம் அதை 30 முறைக்கு மேல் வென்றிருக்கிறது. மற்றப் பிரிவுகள் என்ன செய்யும், பாவம்!

மறுபடி நம் மாலைக்கு வருவோம். இருட்டிவிட்டது, விளக்குகள் எரிகின்றன. முடிவுகள் வந்துகொண்டிருக்கின்றன. 51 எடுத்தவர் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். அவருக்குப் பணம் கிடையாது, ஆனால் இந்த வருடத்துக் கடமை முடிந்தது. 61-ஐ எட்டியவருக்கு 200 டாலர், வெள்ளிக்கு 300, தங்கத்துக்கு அந்த 500. பணம் வங்கிக் கணக்குக்குப் போய்விடும், மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் தங்கம் எடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் "85!!!" என்று போகிறது. அடுத்த விநாடி மனைவியிடமிருந்து இதயங்கள், தம்பியிடமிருந்து "ட்ரீட் எப்போ?" அந்த 500 எங்கே போகும் என்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. குழந்தைக்குச் சைக்கிள், அம்மாவுக்குப் புடவை, நாளை மதியம் தேக்காவில் நண்பர்களுக்குப் பிரியாணி. சிலருக்கு ஒரு புதுச் சோடி ஓட்டக் காலணி, அடுத்த வருடத்துத் தங்கத்துக்கு.

வாசலுக்கு வெளியே காப்பிக்கடையில் இப்போது பாதி மேசைகள் இவர்களுடையது. ஐஸ் போட்ட மைலோ, பால் இல்லாத 'தே ஓ' தேநீர், இன்னும் ஈரம் காயாத டி-ஷர்ட்டுகள். ஓட்டத்தில் முதுகைக் காட்டிக் கூட்டிவந்தவரும், அந்த முதுகைப் பார்த்தபடி ஓடி வெள்ளி வாங்கியவரும் ஒரே மேசையில். இரண்டு பேரும் இன்னும் பேர் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூலை மேசையில் 84 எடுத்தவர். ஒரே ஒரு புள்ளி! ரொட்டி பராட்டா ஆறுகிறது, அவர் கைப்பேசியில் அடுத்த வாரத்துக்கு இடம் காலியாக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். பிறந்தநாளுக்குள் மறுபடி முயலலாம். வியாழக்கிழமை மாலை ஒரு இடம் இருக்கிறது. பதிந்துவிட்டார்!